கலையாத கோடுகள்

2007ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள ஷ்ரீவ்போர்ட் நகரத் தொலைக்காட்சி ஒன்று ஒரு செய்தித் தொகுப்பை ஒளிபரப்பியது. பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் வசிக்கும் ஒருவர், தன் வீட்டுக்கு மேலே விமானங்கள் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போவதையும், அந்தக் கோடுகள் கலையாமல் அகன்று வானத்தையே மூடிவிடுவதையும் கவனித்திருந்தார். கொல்லைப்புறத்தில் கிண்ணங்களை வைத்து, மேலிருந்து விழுந்ததைப் பிடித்தார். அந்தத் தண்ணீரைத் தொலைக்காட்சிக்காரர்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் பேரியம் என்ற உலோகம் பத்து லட்சத்தில் 6.8 பங்கு இருந்ததாகச் செய்தி சொன்னது. குடிநீரில் அமெரிக்க அரசு அனுமதிக்கும் உச்ச அளவு பத்து லட்சத்தில் 2 பங்கு. அதாவது, மூன்று மடங்குக்கும் மேல்.

ஆய்வக அறிக்கையில் இருந்த எண் லிட்டருக்கு 68.8 மைக்ரோகிராம். தண்ணீரைப் பொறுத்தவரை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆக, பத்து லட்சத்துக்குக் கணக்கிட்டால் 0.0688 பங்குதான். அனுமதித்த அளவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அலகையும் புள்ளியையும் தவறாகப் படித்ததில் எண் நூறு மடங்கு ஊதிப்போனது. பிழையைப் பலர் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் அந்தக் காணொளி பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை. விமானங்கள் நம் தலைமேல் நஞ்சைத் தூவுகின்றன என்று நம்புகிறவர்கள் பல ஆண்டுகள் அதையே சான்றாகக் காட்டினார்கள்.

சரி, கொஞ்சமானாலும் பேரியம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்துதான். புவியோட்டின் எடையில் சுமார் 8 விழுக்காடு அலுமினியம். பேரியமும் ஸ்ட்ரான்சியமும் ஒரு கிலோ பாறைக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கின்றன. திறந்த வெளியில் ஒரு பாத்திரத்தை வைத்தால் புழுதி விழும். விழுந்த புழுதியைச் சோதித்தால் இவை மூன்றும் கட்டாயம் தென்படும். ‘கெம்ட்ரெயில்’ என்று சொல்லப்படும் இரசாயனத் தடங்களுக்குச் சான்றாக முன்வைக்கப்படும் ஆய்வக முடிவுகளில் திரும்பத் திரும்ப வரும் தனிமங்களும் இதே மூன்றுதான்.

ஆனால் அந்த மனிதரின் கண்கள் பொய் சொல்லவில்லை. சில நாட்களில் விமானத்தின் பின்னால் ஒரு சிறு வால் தோன்றி நொடியில் மறைகிறது. வேறு சில நாட்களில் அதே கோடு மணிக்கணக்கில் நிற்கிறது, அகல்கிறது, மெல்லிய மேகமாகிறது. ஒரே நேரத்தில் பறக்கும் இரண்டு விமானங்களில் ஒன்று கோடு போடுகிறது, மற்றது போடுவதில்லை. இதைப் பார்த்தவர் காரணம் கேட்டது நியாயமான செயல். “அது வெறும் நீராவி” என்று ஒரு சொல்லில் அவர் வாயை அடைப்பது நியாயமில்லை. கேள்விக்கு முழுமையான விடை இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பயணிகள் விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது வெளியே வெப்பநிலை சுமார் மைனஸ் 50 டிகிரி. விமானத்தின் எரிபொருள் மண்ணெண்ணெயின் ஒரு வகை. அதில் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.25 கிலோ நீராவி உண்டாகிறது. எரிந்ததைவிட அதிக எடையா என்று தோன்றலாம். எரிபொருளின் ஹைட்ரஜனோடு காற்றின் ஆக்சிஜன் சேருவதால் வரும் கூடுதல் அது. பெரிய விமானம் ஒன்று கிலோமீட்டருக்கு ஏழெட்டுக் கிலோ எரிபொருளைக் குடிக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்பது கிலோ அளவில் தண்ணீரை ஆவியாக விட்டுச் செல்கிறது.

சூடும் ஈரமுமான இந்தப் புகை, உறைபனிக் காற்றோடு கலக்கிறது. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும்; குளிர்ந்த காற்றால் மிகக் கொஞ்சமே தாங்க முடியும். இரண்டும் கலக்கிற வழியில் ஒரு கட்டத்தில், தாங்கக்கூடிய அளவைவிட ஈரம் மிஞ்சிவிடுகிறது. மிஞ்சிய ஈரம் புகையில் உள்ள கரித்துகள்களின் மேல் நீர்த்துளியாகப் படிந்து உடனே உறைகிறது. மார்கழி விடியலில் ஊட்டியில் வாய் திறந்து பேசினால் வெள்ளையாக வருகிறதே, அதே இயற்பியல். வேறுபாடு குளிரின் அளவில்தான்: ஊட்டியில் நம் மூச்சு துளியாகிக் கரைகிறது, அங்கே துளி பனிப்படிகமாகிவிடுகிறது.

எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு ஈரத்தில் இது நிகழும் என்பதை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941இல் கணக்கிட்டார். அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஆப்பிள்மேன் 1953இல் அதை விமானிகள் பயன்படுத்தக்கூடிய வரைபடமாக்கினார். இன்றும் அந்த விதிக்கு இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன. இரண்டு நாடுகளிலும் இந்த ஆர்வம் இராணுவத்திடமிருந்து வந்தது. 1940இல் தெற்கு இங்கிலாந்தின் வானில் நடந்த சண்டைகளைத் தரையில் நின்ற மக்கள் வெண்தடங்களாகவே பார்த்தார்கள். பிறகு ஜெர்மனிமீது நூற்றுக்கணக்கில் அணிவகுத்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை, அவற்றின் தடங்களே எதிரிக்குக் காட்டிக்கொடுத்தன. முன்னால் போன விமானங்களின் தடம் மேகமாகப் பரவி, பின்னால் வந்தவர்களின் பார்வையை மறைத்தது. “எங்கள் சின்ன வயதில் கோடுகள் உடனே மறைந்துவிடும், இப்போதுதான் நிற்கின்றன” என்று சொல்கிறவர்களுக்கு, அன்று எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைவிட நல்ல பதில் கிடையாது.

இனி, கோடு ஏன் சில நாட்களில் மட்டும் கலையாமல் நிற்கிறது என்பது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அந்த உயரத்தில் காற்றின் சில அடுக்குகளில், பனிக்கட்டி உருவாகப் போதுமான அளவுக்கும் மேலாக நீராவி இருப்பதுண்டு. ஆனாலும் அங்கே மேகம் இருக்காது. படிந்து உறைய ஏற்ற துகள்கள் இல்லாததால் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கிறது. விமானம் அதன் ஊடே போகும்போது கோடிக்கணக்கான நுண்ணிய பனிப்படிகங்களைத் தூவிவிட்டுப் போகிறது. அவை சுற்றிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சி வளர்கின்றன. விமானம் கொடுத்தது கிலோமீட்டருக்கு ஒன்பது கிலோ. அகன்று நிற்கும் தடத்தில் இருக்கும் பனியோ அதைப்போலப் பல நூறு மடங்கு, சில வேளைகளில் பல ஆயிரம் மடங்கு. வானத்தை மூடுகிற அந்த வெள்ளையில் பெரும்பகுதி விமானம் சுமந்து வந்ததே அல்ல. வானத்தில் முன்பே இருந்த தண்ணீர். காற்று உலர்ந்திருக்கும் நாளில் படிகங்கள் திரும்பவும் ஆவியாகிவிடுகின்றன, கோடு மறைகிறது.

இந்த ஈர அடுக்குகளின் கனம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். அறுநூறு மீட்டர் மேலேயோ கீழேயோ பறக்கும் இன்னொரு விமானம் உலர்ந்த காற்றில் போய்க்கொண்டிருக்கலாம். பத்துக் கிலோமீட்டர் கீழே நிற்கும் நமக்கு இரண்டும் ஒரே உயரத்தில் தெரிகின்றன.

ஒரே உயரத்தில்தான் பறந்தன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று கோடு போட்டு மற்றது போடாமல் போகமுடியுமா? முடியும் என்பதை ஜெர்மன் விண்வெளி மையத்தின் உல்ரிக் ஷூமன் செய்து காட்டினார். பழைய போயிங் 707 ஒன்றையும் புதிய ஏர்பஸ் ஏ340 ஒன்றையும் அருகருகே ஒரே உயரத்தில் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். ஏர்பஸ்ஸின் பின்னால் தடம் இருந்தது. போயிங்கின் பின்னால் இல்லை. 2000இல் அவர் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். விளக்கம் எஞ்சினின் திறனில் இருக்கிறது. புதிய எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் அதிகப் பங்கை உந்துவிசையாக மாற்றுகிறது. புகையில் வீணாகும் வெப்பம் குறைகிறது. ஆனால் நீராவியின் அளவு மாறவில்லை. வெப்பம் குறைந்த, அதே ஈரமுள்ள புகை, இன்னும் எளிதாக உறைகிறது. ஆகவே எஞ்சின்கள் சிறக்கச் சிறக்க, முன்பு தடம் தோன்றாத உயரங்களிலும் தோன்றத் தொடங்கியது. விமானங்களின் எண்ணிக்கையும் பெருகிவிட்டது. கோடுகள் முன்பைவிட அதிகம் என்று சொல்லும் முதியவர்களின் நினைவு, இந்த அளவில், சரியானது.

நம் ஊர் வானில் இவை ஐரோப்பாவில் போல அடர்ந்து தெரியாததற்கும் இதே விதியில் ஒரு காரணம் உண்டு. வெப்பமண்டலத்தில் அந்தக் குளிரை எட்ட இன்னும் உயரே போகவேண்டும். நம் கிராமத்துப் பிள்ளைகள் “ராக்கெட் போகுது” என்று கூவிக்கொண்டு ஓடுவது அரிதாகக் கிடைக்கும் காட்சி என்பதால்தான்.

சந்தேகம் ஒரு நம்பிக்கையாக உருத்திரண்டது 1990களின் பிற்பகுதியில். 1996இல் அமெரிக்க விமானப்படையின் கல்விக்கூடத்தில் அதிகாரிகள் சிலர், 2025க்குள் வானிலையைப் போர்க்கருவியாக ஆளமுடியுமா என்று கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிர்காலம் பற்றிய பயிற்சிக் கட்டுரைதான், செயல்திட்டம் அல்ல. ஆனால் தலைப்பிலேயே வானிலையைச் சொந்தமாக்குவது என்ற பேச்சு இருந்தது. 1999இல் ஆர்ட் பெல் நடத்திய புகழ்பெற்ற நள்ளிரவு வானொலி நிகழ்ச்சி இந்தச் சந்தேகத்தை லட்சக்கணக்கானோர் காதில் சேர்த்தது. கடிதங்கள் குவிந்தன. 2000 செப்டம்பரில் சுற்றுச்சூழல் முகமை, நாசா உள்ளிட்ட நான்கு அரசு அமைப்புகள் சேர்ந்து வெண்தடங்களைப் பற்றி ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டன. நம்பிக்கை குறையவில்லை. அரசு மறுப்பதே உண்மைக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2001இல் டென்னிஸ் குசினிச் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், விண்வெளியில் ஆயுதங்களைத் தடைசெய்ய ஒரு மசோதா கொண்டுவந்தார். அதன் ஆயுதப் பட்டியலில் ‘கெம்ட்ரெயில்’ என்ற சொல்லும் இருந்தது. மசோதா சட்டமாகவில்லை, அடுத்த வடிவில் சொல்லும் நீங்கியது. ஆனாலும் அரசு ஆவணம் ஒன்றில் அது ஒருமுறை அச்சாகிவிட்டது.

அரசு சொல்வதை மக்கள் ஏன் நம்பவில்லை? இதை அறியாமை என்று ஒதுக்குவது வரலாறு தெரியாத பேச்சு.

1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை, சான் ஃபிரான்சிஸ்கோவின் கடலோரத்தில் நின்ற கப்பலிலிருந்து செராஷியா என்ற பாக்டீரியாவை நகரத்தின்மேல் மேகமாகப் பரப்பியது. எதிரி கிருமியை ஏவினால் எப்படிப் பரவும் என்று பார்க்க. நகரத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரங்களில் அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் பதினொரு பேருக்கு அந்தக் கிருமியின் தொற்று கண்டறியப்பட்டது, ஒருவர் இறந்தார். சோதனைக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டா என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. குடும்பம் தொடுத்த வழக்கு தோற்றது. ஆனால் சோதனை நடந்தது என்பதே கால் நூற்றாண்டு கழித்து, 1976இல், பத்திரிகைகள் வழியாகத்தான் வெளியே தெரிந்தது. 1949 முதல் 1969 வரை இப்படி 239 திறந்தவெளிச் சோதனைகள் நடத்தியதாக 1977இல் செனட் விசாரணையில் இராணுவம் ஒப்புக்கொண்டது. செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைக் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் ஜிங்க் காட்மியம் சல்ஃபைடு தூளைப் பரப்பினார்கள். நகரத்துக்கு அது புகைத்திரைச் சோதனை என்று சொல்லப்பட்டது. அந்த அளவில் உடல்நலக் கேட்டுக்குச் சான்று இல்லை என்று தேசிய ஆராய்ச்சிக் குழு 1997இல் அறிக்கை தந்தது. கேட்காமல் தூவியது கேட்காமல் தூவியதுதான்.

வியட்நாம் போரில் 1967 முதல் 1972 வரை, வட வியட்நாம் படைகளின் வழங்கல் வழியான ஹோ சி மின் பாதையைச் சேறாக்குவதற்காக அமெரிக்க விமானங்கள் 2,600 தடவைக்கு மேல் பறந்து மேகங்களில் அயோடைடுத் தூளை விதைத்தன. அதையும் பத்திரிகையாளர்களே வெளிக்கொணர்ந்தார்கள். 1977இல் வானிலையை ஆயுதமாக்குவதற்கு எதிரான பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது இதன் தொடர்ச்சி.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கேரளத்தின் காசர்கோட்டில், அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகள்மீது ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியை ஏறத்தாழ 2000 வரை தெளித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஊனத்தோடு பிறப்பதைக் கண்ட ஊர்மக்கள், மேலிருந்து விழும் மருந்துதான் காரணம் என்றார்கள். அவர்களையும் முதலில் யாரும் நம்பவில்லை. நீரிலும் இரத்தத்திலும் மருந்தின் எச்சம் அளக்கப்பட்டது, நோய்களின் கணக்கு எடுக்கப்பட்டது, 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. அங்கே தெளித்த உயரம் மரங்களின் தலைக்குச் சற்று மேலே. வியட்நாமில் காடுகளை அழிக்க ஏஜென்ட் ஆரஞ்சு தெளித்த விமானங்களும் 45 மீட்டர் உயரத்தில்தான் பறந்தன. காரணம் எளிது. பத்துக் கிலோமீட்டர் மேலிருந்து விட்டால், தூள் எந்த மாவட்டத்தில், எந்த மாநிலத்தில் போய் இறங்கும் என்று விடுகிறவருக்கே தெரியாது.

ஆகவே, அரசுகள் இரகசியமாகத் தூவமாட்டா என்ற வாதம் என்னிடம் இல்லை. தூவியிருக்கின்றன. ஆனால் தூவியவை எல்லாம் எப்படி அம்பலமாயின என்று பாருங்கள்: உத்தரவுத் தாள்கள், செலவுக் கணக்கு, மனசாட்சி உறுத்திய அதிகாரி, மண்ணிலும் இரத்தத்திலும் எச்சம். இவ்வளவுக்கும் அவற்றில் ஈடுபட்டவை ஒருசில கப்பல்களும் விமானங்களும்தான். இன்று உலகில் பயணிகள் விமானங்கள் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை பறக்கின்றன. பகை நாடுகளின் நிறுவனங்கள், எரிபொருள் நிரப்புகிறவர்கள், எஞ்சினைப் பிரித்துத் துடைக்கும் தொழிலாளர்கள் என்று எண்ணிலடங்காதோர் அதில் இருக்கிறார்கள். கால் நூற்றாண்டில் ஒரு தாள்கூட வெளிவரவில்லை. விமானத்துக்குள் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும் படங்கள் சான்றாகச் சுற்றுகின்றன. அவை புதிய விமானங்களின் சோதனைப் பறப்பில், பயணிகளின் எடைக்கு ஈடாக வைக்கப்படும் தண்ணீர்ப் பீப்பாய்கள்.

2016இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், கார்னகி நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். வளிமண்டல வேதியியல், மண் மற்றும் நீர் வேதியியல் துறைகளின் 77 நிபுணர்களிடம், நம்புகிறவர்கள் காட்டும் அதே படங்களையும் ஆய்வக முடிவுகளையும் கொடுத்துக் கேட்டார்கள். 76 பேர் இரகசியத் தூவலுக்குச் சான்று எதையும் கண்டதில்லை என்றார்கள். எஞ்சிய ஒருவர், மண்ணில் பேரியம் குறைந்த ஓர் ஒதுக்குப்புறப் பகுதியின் காற்றில் அது வழக்கத்தைவிட அதிகம் தென்பட்டதைக் குறிப்பிட்டார். அந்த ஒருவரின் பதிலையும் கட்டுரையில் மறைக்காமல் அச்சிட்டார்கள். அறிவியல் நடக்கவேண்டிய முறை இது.

இந்த நம்பிக்கைக்குப் புதுத் தெம்பு கொடுப்பது பருவநிலைப் பொறியியல் என்ற உண்மையான ஆய்வுத்துறை. 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தபோது ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாத சல்ஃபர் டை ஆக்சைடு வானுக்கு ஏறி, உலகின் சராசரி வெப்பநிலையை அரை டிகிரி அளவுக்குத் தற்காலிகமாகக் குறைத்தது. அதை நாமே செய்யலாமா என்று சில அறிஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்று பலர் எச்சரிக்கிறார்கள். இதற்கு ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் மேலடுக்கில், 20 கிலோமீட்டர் உயரத்தில் துகள்களைச் சேர்க்கவேண்டும். பயணிகள் விமானங்கள் 13 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. அங்கே தூவினால் சில நாட்களிலோ வாரங்களிலோ மழையோடு இறங்கிவிடும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரேயொரு பலூனைப் பறக்கவிட்டுச் சிறு சோதனை செய்ய விரும்பினார்கள். 2021இல் சுவீடனின் கிரூனாவில், துகள் எதையும் விடாமல் கருவியை மட்டும் சரிபார்க்கும் பறப்பு திட்டமிடப்பட்டது. அப்பகுதியின் தொல்குடிகளான சாமி மக்களின் மன்றம் எதிர்த்தது; நிறுத்தினார்கள். 2024இல் திட்டமே கைவிடப்பட்டது. வெளிப்படையாகச் செய்ய முயன்ற ஒரு பலூனின் நிலை இது.

இருந்தும் 2024இல் டென்னசி மாநிலம், வெப்பநிலையையோ வானிலையையோ மாற்றுவதற்காக வானில் எதையும் விடக்கூடாது என்று சட்டம் இயற்றியது. 2025இல் ஃபுளோரிடா அதைப் பின்பற்றி, ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் என்று விதித்தது. பருவநிலைப் பொறியியலுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த விவாதங்களில் பேசப்பட்டது பெரும்பாலும் வெண்தடங்களைப் பற்றி. இதனால் துன்பப்படுகிறவர்கள் உண்டு: 2024இல் ஹெலீன், மில்டன் சூறாவளிகளின்போது, புயலை நீங்கள்தான் ஏவினீர்கள் என்று சொல்லி அமெரிக்க வானிலையாளர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மக்களைக் காப்பாற்ற இரவு பகலாக எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. வெண்தடங்கள் உண்மையிலேயே தீங்கு செய்கின்றன. அதை யாரும் மறைக்கவில்லை, ஆய்விதழ்களில் அச்சாகியிருக்கிறது. அகன்ற தடம் கீற்று மேகமாகி, பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதோடு பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் தடுத்து நிறுத்துகிறது. இரவில் திருப்பி அனுப்ப வெயில் இல்லை; தடுப்பது மட்டுமே மிச்சம். பிரிட்டன் வானை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டின் கட்டுரை ஒன்று, நான்கில் ஒரு பங்கான இரவு விமானங்களே தடங்கள் தரும் வெப்பத்தில் பாதிக்கும் மேலானதற்குப் பொறுப்பு என்று கண்டது. 2021இல் வந்த விரிவான மதிப்பீட்டின்படி, 2018 நிலவரத்தில் வெண்தடங்களின் வெப்பமூட்டும் விளைவு சதுர மீட்டருக்கு 57 மில்லிவாட். விமானங்கள் அதுவரை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடின் விளைவு 34. முதல் எண்ணின் பிழைவரம்பு மிக அகலமானது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும், தடம் ஒரு நாளில் கரையும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் ஒரு நாளில் கரைவதால்தான், இன்று நிறுத்தினால் நாளையே பலன் கிடைக்கும்.

நிறுத்தும் வழியும் முன்பு சொன்ன இயற்பியலிலேயே இருக்கிறது. ஈர அடுக்கின் கனம் சில நூறு மீட்டர் என்றால், விமானம் சற்றே ஏறியோ இறங்கியோ அதைத் தவிர்க்கலாம். எல்லா விமானமும் விலகவேண்டியதில்லை. ஜப்பான் வான்வெளியைக் கணக்கிட்ட 2020ஆம் ஆண்டின் ஆய்வில், நூற்றில் இரண்டு பறப்புகளே தடங்களின் வெப்பத்தில் 80 விழுக்காட்டுக்குக் காரணமாக இருந்தன. 2023இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 70 சோதனைப் பறப்புகள் நடத்தின. முன்கணிப்பைப் பார்த்து விமானிகள் உயரத்தை மாற்றியதில் தடங்கள் 54 விழுக்காடு குறைந்தன. உயரம் மாற்றிய பறப்புகளில் எரிபொருள் 2 விழுக்காடு கூடியது. 2025 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் பறக்கும் நிறுவனங்கள் கார்பன் டை ஆக்சைடு அல்லாத விளைவுகளுக்கும் கணக்குக் காட்டவேண்டும் என்று கேட்கிறது.

இப்போது தடை, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதில் இருக்கிறது. தரையிலிருந்து பலூன்கள் நாளைக்கு இரண்டு முறைதான் ஏறுகின்றன. செயற்கைக்கோள்களுக்கு இவ்வளவு மெல்லிய அடுக்கு தெளிவாகப் புலப்படுவதில்லை. ஈரத்தை அளக்கும் கருவி மிகச் சில விமானங்களில் மட்டுமே உண்டு. நள்ளிரவில் அட்லாண்டிக்கின் மேலே போய்க்கொண்டிருக்கும் ஒரு விமானியிடம் அறுநூறு மீட்டர் இறங்கச் சொல்லவேண்டுமானால், அந்த அடுக்கு அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். கருவிகளை இன்னும் பல விமானங்களில் பொருத்தி, அளவீடுகளைப் பகிர்ந்து, கணிப்பைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.